மலையகத்தில் உயர மாதிரியைச் சோதிக்கும் முறை

மண்சரிவு வரைபடம், தோட்டத்து வடிகால் என எதைத் தொடங்கினாலும் இன்று முதலில் இறக்குவது 30 மீட்டர் எண்ணிம உயர மாதிரியைத்தான், அதாவது 30 மீட்டர் கட்டம் (பிக்சல்) ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் தரும் கணினி வரைபடத்தை. விண்ணோடத்து ராடாரால் உருவான எஸ்ஆர்டிஎம்முக்கு 16 மீட்டர், ஐரோப்பியர் வெளியிடும் கொப்பர்னிக்கஸுக்கு 4 மீட்டர் என்று 90% நம்பகத்தில் ஒரு துல்லிய எண் தரப்பட்டிருக்கும். அது உலகம் முழுவதற்குமான எண். நுவரெலியாச் சரிவுகளுக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். களத்தில் அளந்த புள்ளிகளோடு ஒப்பிட்டு நாமே சோதிக்க வேண்டும்.

முதலில் உயரத்தின் அடிப்படை. ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள்) கருவி அளப்பது எலிப்சாய்ட் உயரம், அதாவது பூமிக்கு ஒப்பான கணித வடிவத்திலிருந்து எடுத்த உயரம். இலங்கையில் கடல்மட்டத்தைக் குறிக்கும் ஜியோயிட் அந்த வடிவத்துக்கு 90 முதல் 100 மீட்டர் வரை கீழே கிடக்கிறது; மாற்ற மறந்தால் மலை முழுதும் அவ்வளவு தாழ்ந்துவிடும். இது உடனே கண்ணில் படும். படாமல் நழுவுவது வேறொன்று: எஸ்ஆர்டிஎம் இஜிஎம்96 என்ற ஜியோயிட் மாதிரியையும், கொப்பர்னிக்கஸ் இஜிஎம்2008 ஐயும் பின்பற்றுகின்றன. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

அடுத்தது கிடை நகர்வு. மலையகத்தில் பெரும் பிழைகளுக்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. 30° சரிவில் மாதிரி அரைப் பிக்சல், அதாவது 15 மீட்டர், சரிவின் திசையில் விலகினாலே உயரம் 8.7 மீட்டர் தவறும். ஒரு மாதிரியிலிருந்து மற்றதைக் கழித்த வித்தியாச வரைபடத்தில் மலையின் ஒரு பக்கம் முழுதும் கூடியும் எதிர்ப்பக்கம் குறைந்தும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். வித்தியாசத்தைச் சாய்வின் டான்ஜன்டால் வகுத்து, சரிவு பார்க்கும் திசையைக் கிடை அச்சில் வைத்து வரையுங்கள்: சைன் அலை கிடைக்கும். அலையின் வீச்சு நகர்வின் அளவு, உச்சி அதன் திசை. அதைத் திருத்தாமல் துல்லியம் பேசுவதில் பொருளில்லை. இதே காரணத்தால், புள்ளியின் உயரத்தை அருகிலுள்ள பிக்சலிலிருந்து அப்படியே எடுக்காமல் நான்கு பிக்சல்களுக்கிடையே இடைக்கணித்து எடுக்க வேண்டும்.

சோதனைப் புள்ளிகளை ரோட்டோரமாகவே எடுப்பது வழக்கமாகிவிட்டது. மலைரோட்டில் ஒரு பக்கம் வெட்டிய மண்சுவர், மறுபக்கம் பள்ளம்; 30 மீட்டர் பிக்சல் இரண்டையும் கலந்துவிடும். பாடசாலை மைதானமும், சீராகச் சரியும் தேயிலை மலையும் நல்ல இடங்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலை இடுப்பளவுக்கும் குறைவு என்பதால் நிலமும் மேற்பரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். நிழல் மரம் நெருக்கமான இடத்தையும் யூகலிப்டஸ் தோப்பையும் தனியாகப் பிரியுங்கள். அங்கே கொப்பர்னிக்கஸின் 3 சென்டிமீட்டர் ராடார் அலை பெரும்பாலும் மேல்விதானத்திலேயே திரும்பிவிடும்.

காலத்தையும் பாருங்கள். எஸ்ஆர்டிஎம் 2000 பெப்ரவரியில் எடுக்கப்பட்டது. 2014 ஒக்டோபரில் சரிந்த மீரியபெத்தையோ, 2000 க்குப் பின் கட்டப்பட்ட மேல்கொத்மலை நீர்த்தேக்கமோ அதில் இல்லை. அந்த இடங்களில் வரும் வித்தியாசம் பிழையல்ல.

முடிவைச் சாய்வு வாரியாக எழுதுங்கள்: 10° க்குள், 10–20°, 20–30°, அதற்கு மேல். ஒவ்வொன்றிலும் 30 புள்ளியாவது வேண்டும். ஓரிரு பெரும் பிழைகள் ஆர்எம்எஸ்இயை (பிழைகளின் வர்க்கச் சராசரியின் மூலம்) ஊதிவிடும் என்பதால் இடையத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு), பெரும் பிழைகளால் அவ்வளவு பாதிக்கப்படாத பரவல் அளவான என்எம்ஏடியையும் சேர்த்துத் தாருங்கள். பின்னதற்கு, இடையத்திலிருந்து ஒவ்வொரு வித்தியாசமும் விலகும் அளவுகளின் இடையத்தை 1.4826 ஆல் பெருக்க வேண்டும்.

மண்சரிவு வேலைக்கு இதுவும் போதாது. அடுத்தடுத்த இரு பிக்சல்களுக்கிடையே 4 மீட்டர் தவறினால் 30° சரிவு 35° ஆகத் தெரியும். ஆகவே சரிவின் போக்கில் 30 முதல் 60 மீட்டர் இடைவெளியில் இரட்டைப் புள்ளிகளாக அளந்து, சாய்வையும் தனியே ஒப்பிடுங்கள்.