‘அழிக்கப்பட்டுவிட்டன’ என்று பதில் வந்தால் நிறுத்திவிடாதீர்கள்

என் தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் இறந்துபோனவர். அவரைப் பற்றிக் கேட்டு எழுதிய மனுவுக்கு, ராணுவ ஆவண அலுவலகம் ஒன்றிலிருந்து நாலு வரியில் பதில் வந்தது. பணி ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டனவாம். இந்தக் கடிதத்தோடு தேடலைக் கைவிட்டவர்கள் நிறையப் பேர். எனக்கும் அந்த எண்ணம் வந்தது.

அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஓய்வூதியம் இல்லாதவர்களின் பணிக் கோப்புகளை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்று ராணுவ விதியே இருக்கிறது. ஆனால் ‘லாங் ரோல்’ என்ற பெரிய பதிவேட்டை அழிப்பதில்லை. ஒருவர் எப்போது சேர்ந்தார், எப்போது எந்தக் காரணத்தால் படையிலிருந்து பெயர் நீங்கியது என்பது அதில் சுருக்கமாக இருக்கும். ‘சர்வீஸ் ரெக்கார்டு’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘லாங் ரோல் எக்ஸ்ட்ராக்ட்’, அதாவது அந்தப் பதிவேட்டில் அவருக்குரிய பதிவின் நகல், என்று கேட்டால் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். ‘லாங் ரோல்’ என்ற இரண்டு வார்த்தை தெரியாமல் போனதில் எனக்கு எட்டு மாதம் வீண்.

அதைக் கேட்பதற்கும் படை எண், அதாவது படையில் அவருக்குக் கொடுத்த எண், வேண்டும். பெயரும் ஊரும் மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் யாரும் தேட மாட்டார்கள். முனுசாமி என்ற பெயரில் எத்தனை பேர் பட்டாளத்துக்குப் போயிருப்பார்கள்!

எண் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். அந்தப் போருக்காகப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் பெயர் கிடையாது, வெறுமையாகவே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்கோ எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்துத்தான் வந்தன. வட்டப் பதக்கம் என்றால் விளிம்பில் பாருங்கள், நட்சத்திரப் பதக்கம் என்றால் பின்பக்கம். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்தால் போதும். முதல் உலகப் போரில் இறந்தவர் வீட்டுக்கு வந்த பெரிய வெண்கலத் தட்டில் மட்டும் பெயர் தவிர எதுவும் இருக்காது, அதை நம்பிப் பயனில்லை. பதக்கம் கைமாறிப் போயிருந்தால் பழைய மணியார்டர் துண்டு, முகாமிலிருந்து வந்த கடித உறை, பாட்டியின் ஓய்வூதியப் புத்தகம் என்று டிரங்குப் பெட்டியின் அடிவரை பாருங்கள். எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்துகள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

எதுவுமே கிடைக்காதவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல்தான் வழி. காசு கிடையாது. 3.9.1939 முதல் 31.12.1947 வரை பணியில் இறந்தவர்கள் இதில் வருவார்கள். முதல் உலகப் போருக்கு 4.8.1914 முதல் 31.8.1921 வரை. அதாவது, போர் முடிந்த பிறகு முகாமில் காய்ச்சல் வந்து இறந்தவரும் இருப்பார். குண்டடி பட்டுச் சாகவில்லையே என்று தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

இங்கே சொதப்புவது ஸ்பெல்லிங்தான். ஒரே பெயரை முனுசாமி, முனிசாமி, முனுஸ்வாமி, மூனுசாமி என்று கேட்டவர் காதுக்கு ஏற்றபடி எழுதியிருக்கிறார்கள். அப்பா பெயரும் இனிஷியலும் சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது. நம்மவர்களின் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில்தான் போட வேண்டும். அதைவிட நல்ல வழி, பெயரையே விட்டுவிட்டு ‘கூடுதல் தகவல்’ கட்டத்தில் ஊரைப் போட்டுத் தேடுவது. ‘இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம்’ என்ற குறிப்பு எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்கு உண்டு. மாவட்டம் அன்றைய மாவட்டமாக இருக்க வேண்டும். வேலூர், திருவண்ணாமலைக்காரர்கள் வட ஆற்காட்டில் இருப்பார்கள். தர்மபுரி சேலத்துக்குள் இருக்கும். திருநெல்வேலியையும் திருச்சியையும் வெள்ளைக்காரன் எழுதிய மாதிரியே, டின்னவெல்லி, ட்ரிச்சினோபோலி என்று அடித்துப் பாருங்கள்.

படைப்பிரிவை வைத்து வடிகட்டும்போது எனக்கு ஓர் அடி விழுந்தது. ‘மெட்ராஸ் சாப்பர்ஸ்’ (ராணுவப் பொறியாளர் படை) என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். சாப்பர்கள் சிலர் ‘இந்தியன் இன்ஜினியர்ஸ்’ என்ற தலைப்பின் கீழும் இருக்கிறார்கள்.

கிடைத்த பக்கத்தில் இறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். மலேயா, சிங்கப்பூர் போரில் காணாமல் போனவர்களுக்கு அது கணக்குக்காகப் போட்ட தேதியாகவும் இருக்கலாம். சிங்கப்பூர் வீழ்ந்த 15.2.1942 என்று இருந்தால் கூடுதல் சந்தேகம் வேண்டும். கல்லறையும் இருக்காது. சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவரில் 24,000 பேருக்கு மேல், பர்மாவில் தாவுக்கியான் நினைவிடத்தில் ஏறக்குறைய 27,000 பேர் இப்படிப் பெயராக மட்டும் இருக்கிறார்கள். இந்துக்களையும் சீக்கியர்களையும் எரித்ததால் ‘கிரிமேஷன் மெமோரியல்’ என்று தனியாகவும் உண்டு, அதையும் பாருங்கள். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு முதலில் ஓடாதீர்கள். அங்கே இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகள் சுமார் 850தான். பர்மாவில் செத்தவரை அங்கே தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலில் நின்றதுதான் மிச்சம்.

எண் கிடைத்ததும் அந்தப் பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்கள் என்றால் பெங்களூரு. நேரில் போனால் சீக்கிரம் முடியும் என்று ரயிலேறாதீர்கள். ராணுவ முகாமுக்குள் முன் அனுமதியில்லாமல் விடமாட்டார்கள். உறவுமுறைச் சான்று, ஆதார் நகல், எண், பதவி, ஊர் எல்லாம் வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் போதும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பரிந்துரைக் கடிதம் சேர்ந்தால் நல்லது.

அதற்கும் பதில் இல்லையா, தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். மனுவை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ‘ஏன்’, ‘எப்படி’ என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்: லாங் ரோல் பதிவு, இறப்பு அறிக்கை, வழங்கிய பதக்கங்களின் விவரம், பதிவான வாரிசின் பெயர். ‘மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்’ என்று மறுத்தால் பிரிவு 8(3)ஐக் காட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய விஷயத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. எனக்கு மேல்முறையீட்டில்தான் வேலை நடந்தது. அழிந்துவிட்டதாகச் சொன்ன அதே இடத்திலிருந்து ஒரு பக்க நகல், முத்திரையோடு.

அவர் எந்தச் சண்டையில் இருந்தார் என்று தெரிய வேண்டுமானால் பிரிவு அன்றாடம் எழுதிவைத்த போர் நாட்குறிப்பைப் பார்க்க வேண்டும். தென்கிழக்கு ஆசியக் களத்துக்கானவை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கும். நம்மவர்கள் பெரும்பாலும் ‘ஐ.ஓ.ஆர். 2’ என்பதுபோல் எண்ணிக்கையாக மட்டுமே வருவார்கள். இந்தியச் சிப்பாய்கள் இருவர் என்று பொருள். அந்த இருவரில் நம் ஆள் ஒருவரா என்பதை லாங் ரோல் தேதியோடு ஒட்டிப் பார்த்து நாமேதான் ஊகிக்க வேண்டும்.