உலை வைக்கும் முன் ஒரு பிடி

எளிமையாக வாழவேண்டும், இருப்பதற்கு நன்றியோடு இருக்கவேண்டும் என்று யார் சொன்னாலும் தலையாட்டிவிடுகிறோம். மறுநாள் காலையில் அதை எந்த வேலையோடு சேர்த்துச் செய்வது என்றுதான் பிடிபடுவதில்லை. நம் வீடுகளில் இதற்கென்றே ஒரு பழைய ஏற்பாடு உண்டு: பிடி அரிசி. சமையலுக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, மிச்சத்தைக் களைந்து உலையில் போடவேண்டும். மாதக் கடைசியில் சேர்ந்திருப்பது பசித்தவருக்குப் போகும்.

இது எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமில்லை. 'யாவர்க்குமாம் உண்ணும்போது ஒரு கைப்பிடி' என்றார் திருமூலர். காஞ்சி மகாபெரியவர் சொன்ன முறையில் அரிசியோடு ஒரு சில்லறைக் காசும் சேரும்; சேர்ந்த அரிசியை அந்தப் பகுதிக் கோயிலில் சமைத்து, நைவேத்தியம் செய்து, ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். காமராசர் சிறுவயதில் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலையைத் தாங்கியதில் வீடுவீடாகச் சேர்ந்த பிடி அரிசிக்குப் பங்குண்டு. தென்மாவட்டத் தேவாலயங்களில் பெண்கள் பிடி அரிசியைக் காணிக்கையாகக் கொண்டுவருவது வழக்கம். மிசோரத்திலோ 1910-இல் தொடங்கிய இதே பழக்கத்தால் அங்குள்ள திருச்சபை ஊழியங்களே நடக்கின்றன; அவர்கள் மொழியில் அதற்கு 'புஃபாய் தாம்' என்று பெயர்.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்றுதான்: எந்த அரிசியிலிருந்து எடுப்பது? மூட்டையிலிருந்து அல்ல, அன்றைய சமையலுக்கு அளந்து வைத்த அரிசியிலிருந்து. மூட்டையிலிருந்து எடுத்தால் அது நல்ல தானம்தான், ஆனால் உங்கள் தட்டில் எதுவும் மாறாது. மாதம் ஒன்றரை கிலோ கூடுதலாக வாங்குவீர்கள், அவ்வளவே. அளந்ததிலிருந்து எடுத்தால் மூட்டை எப்போதும்போல அதே நாட்கள்தான் வரும், ஒரு ரூபாய்கூட அதிகம் செலவாகாது. குறைவது சோற்றுப் பானையில். எவ்வளவு குறையும்? நாலு பேருக்கு மதியச் சோற்றுக்கு 400 கிராம் அரிசி என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் கைப்பிடி ஒன்று 40 முதல் 50 கிராம். வெந்தபின் அதை நாலு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு இரண்டு மூன்று வாய். அதைக்கூட யாரும் உணரமாட்டார்கள், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் அந்த அளவு சோறு இரவில் மிஞ்சி, காலையில் தண்ணீர் ஊற்றப்படாமலே வாளிக்குப் போகிறது.

சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுப்பதற்கும், கொடுத்துவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடுவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. முதலாவதில் நமக்குப் போதும் என்று எப்போது தோன்றுகிறதோ அதற்குப் பிறகுதான் அடுத்தவர் வருகிறார். அந்தப் 'போதும்' சிலருக்கு வருவதே இல்லை. இரண்டாவதில் அவர் பங்கு போனபிறகுதான் நம் பங்கு எவ்வளவு என்றே தெரியும். சம்பளத்துக்கும் இதே கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம், ஆனால் அரிசியில் பழகாமல் நேரே பணத்துக்குப் போனவர்கள் மூன்றாவது மாதமே நிறுத்திவிடுகிறார்கள்.

பாத்திரம் பற்றி. நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதத்துக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ சேரும். இரண்டு லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் சம்படம் போதும். வாய் அகலமாக இருக்கவேண்டும், மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். மண்பானை பார்க்க அழகு. மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும். பாத்திரத்தைப் பூஜையறையில் வைக்காதீர்கள். அங்கே வைத்த மறுநாளே குளிக்காமல் தொடக்கூடாது, தீட்டில் தொடக்கூடாது என்று ஒவ்வொரு நிபந்தனையாக ஏறும். காலை ஐந்தரைக்குக் குக்கர் வைக்கிற வீட்டில் அதோடு பழக்கம் நின்றுவிடும். அரிசி டிரம்முக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். யார் சமைக்கிறாரோ அவர் எடுக்கட்டும்.

கை உலர்ந்திருக்கவேண்டும், அரிசி களைவதற்கு முன்பே எடுத்துவிடவேண்டும். குழாயில் கைகழுவிய ஈரத்தோடு பத்து நாள் எடுத்தால் அடியில் அரிசி கட்டிதட்டி, பூஞ்சை வாடை அடிக்கும். அந்த அரிசியைக் கழுவிச் சரிசெய்யலாம் என்று பார்க்காதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

இன்னொரு தொல்லை வண்டு. பெண் வண்டு அரிசிமணியைத் துளைத்து அதற்குள்ளேயே முட்டையிடும். நம் ஊர் வெக்கையில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வெளியே வரும். அதனால்தான் மாதம் ஒருமுறை பாத்திரத்தை முழுக்கக் காலிசெய்வது அவசியம். அடியில் கொஞ்சம் விட்டுவிட்டு மேலே புதிதாகப் போட்டுக்கொண்டே போனால் அந்த அடி அரிசியே வண்டுக்கு விதைநெல். காலி செய்ததும் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலை ஒரு பிடியோ நாலு மிளகாய் வற்றலோ வசம்புத் துண்டோ போட்டு மறுபடி தொடங்குங்கள். வண்டு வந்துவிட்டால் அரிசியை வெயிலில் கொட்டாதீர்கள். சூட்டில் மணி விரிசல் விட்டு, வேகும்போது நொறுங்கிக் குழையும். நிழலில் மெல்லிசாகப் பரப்பி வைத்தால் வண்டு தானாக ஊர்ந்து வெளியேறும். பிறகு சலித்துப் புடைத்துக்கொள்ளலாம்.

பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் ஒன்றாகப் போடக்கூடாது. இரண்டும் வேகும் நேரம் வேறு. சேர்த்துப் பொங்கினால் ஒன்று கஞ்சியாகும்போது இன்னொன்று நடுவில் வேகாமல் நிற்கும். உங்கள் வீட்டில் எது அதிகம் புழங்குகிறதோ அது ஒன்றை மட்டும் போடுங்கள். சப்பாத்தி, தோசை நாட்களில்? டிரம்மிலிருந்தே ஒரு பிடி எடுத்துவிடலாம். இந்த ஒரு விலக்குக்கு மேல் விலக்குகள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ரேஷன் அரிசி விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. பொன்னி சாப்பிடும் வீட்டில், பிடி அரிசிப் பாத்திரத்தில் மட்டும் ரேஷன் அரிசி இருக்கும். ரேஷன் அரிசியில் குறை எதுவும் இல்லை, கோடிப்பேர் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் நீங்கள் சாப்பிடாததைக் கொடுப்பது அலமாரியைக் காலிசெய்வது. அதற்குப் பிடி அரிசி என்று பேர் வைக்கவேண்டாம். அளந்ததிலிருந்து எடுக்கும் விதியைப் பிடித்துக்கொண்டால் இந்தத் தில்லுமுல்லுக்கு இடமே இல்லை.

இனி நன்றி. கையை அரிசிக்குள் விட்டு, உள்ளங்கை மேல்நோக்கி அள்ளி, விரல்களை மூடுங்கள். இடுக்கில் சிந்துவது சமையலுக்கு, கைக்குள் நிற்பது பாத்திரத்துக்கு. மேலிருந்து கவ்வி எடுத்தால் அதில் பாதிதான் வரும். விலைவாசி ஏறிய மாதத்தில் கை தன்னாலே கவ்வப் பழகும், கவனியுங்கள். கை மூடியிருக்கிற அந்த இரண்டு மூன்று நொடியில், நேற்று உங்களுக்கு உதவிய ஒருவரை நினையுங்கள். ஒரே ஒருவர், ஒரே ஒரு செயல். 'எல்லாவற்றுக்கும் நன்றி இறைவா' என்று சொல்வதில் தவறில்லை, ஆனால் ஒரு வாரத்தில் அது வாய் மட்டும் சொல்கிற பாட்டாகிவிடும். பேருந்து நகர்ந்தபிறகும் நிறுத்தி ஏற்றிக்கொண்ட நடத்துநர், மாத்திரைச் சீட்டில் இருந்த குழப்பத்தைக் கேட்டுத் திருத்திய மருந்துக்கடைப் பையன் என்று ஆள் முகத்தோடு வந்தால்தான் மனம் அசையும். யாரும் நினைவுக்கு வரவில்லை என்றால் அந்த அரிசியை விளைவித்தவரை நினையுங்கள். நாற்று விட்டதிலிருந்து அறுப்புவரை குறுவை என்றால் நாலு மாதம், சம்பா என்றால் ஐந்தாறு மாதம் ஆகும்.

பிள்ளைகள் எடுக்க ஆசைப்பட்டால் விடுங்கள். அவர்கள் பிடி பெரியவர் பிடியில் பாதிதான். இரண்டு பிடியாகப் போடச்சொல்லி அளவு பார்க்காதீர்கள்.

ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் ஒரு பிடியே போடுங்கள், இரண்டு வேண்டாம். மறந்ததையெல்லாம் கூட்டி மாதக் கடைசியில் ஒரு கிலோவாகக் கொட்டுகிறவர்கள் உண்டு. எடை சரியாக இருக்கும். ஆனால் இருபது நாளின் அந்த மூன்று நொடிகளைக் கிலோவில் ஈடுகட்ட முடியாது. அதேபோல, மாதக் கடைசியில் வீட்டில் அரிசி தீர்ந்து, கையில் காசும் இல்லையென்றால் பாத்திரத்திலிருந்து எடுத்து உங்கள் பிள்ளைகளுக்குப் பொங்குங்கள். அதுவும் பசிதான், பாவம் ஒன்றுமில்லை. கடைக்குப் போகச் சோம்பலாக இருக்கிறது என்று எடுப்பது வேறு கதை.

சேர்ந்ததை எங்கே கொடுப்பது? 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது, அரிசியாகவே கொடுக்கலாம். பக்கத்தில் அன்னதானம் நடக்கிற கோயில், முதியோர் இல்லம் எதுவும் சரி. போவதற்கு முன் ஒரு போன் போட்டு, என்ன அரிசி புழங்குகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பதானால் அரிசியோடு அரைக் கிலோ துவரம்பருப்பும் கால் லிட்டர் எண்ணெயும் சேருங்கள், வெறும் அரிசி சாப்பாடாகாது. பிடியோடு தினமும் ஒரு ஐந்து ரூபாய் நாணயமும் போட்டுவந்திருந்தால் 150 ரூபாய் அதற்குத்தான் இருக்கிறது. வாங்குகிறவரைப் படம் பிடிக்காதீர்கள்.

நீங்களே சமைத்துக் கொடுப்பதென்றால் சாம்பார் சாதம் கைகொடுக்கும். ஒன்றரை கிலோ அரிசிக்கு 600 கிராம் துவரம்பருப்பு, ஒன்றரை கிலோ காய், 120 கிராம் புளி, 100 கிராம் சாம்பார்ப் பொடி, கால் லிட்டர் எண்ணெய், எல்லாம் சேர்த்து ஒன்பது லிட்டர் தண்ணீர். உப்பை 100 கிராமில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். புளிக்கரைசலை அரிசியும் பருப்பும் நன்றாக வெந்தபிறகுதான் ஊற்றவேண்டும். முன்னாலேயே ஊற்றினால் பருப்பு வேகாது. ஆறும்போது இறுகும் என்பதால் ஒரு லிட்டர் வெந்நீர் தனியாக இருக்கட்டும். இருபது பேர் வயிறாரச் சாப்பிடலாம். சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடி வெக்கையில் வைத்தால் சீக்கிரம் ஊசிவிடும். பதினொன்றரைக்கு இறக்கினால் ஒன்றரைக்குள் கைக்குப் போய்ச் சேரும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். மாம்பழக் காலத்தில் ஆளுக்கு ஒன்று வாங்கிச் சேர்த்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.