கூட்டினால் எப்படிக் குறையும்?

1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் 2/5 என்று எழுதுவார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது! உடனே சிவப்பு மையில் தப்புக் குறி போட்டு "இரண்டுக்கும் கீழ் எண்ணை ஒன்றாக்கு" என்று சொல்லிவிடலாம், நிறைய பேர் அதைத்தான் செய்கிறோம். நான் இப்போதெல்லாம் அதைப் பலகையில் எழுதி, 2/5 அரையை விடப் பெரியதா சின்னதா என்று மட்டும் கேட்கிறேன். சின்னது. அப்போ அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்? அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். யாராவது ஒரு பட்டையை வரைந்து ஆறாகப் பிரிப்பார்கள், அரைக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு, சேர்த்தால் 5/6.

எங்கள் மொரிஷியஸில் கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில், வீட்டுப் பேச்சு கிரியோல் மொழியில். கணக்கு தெரிந்தும் கேள்வியின் ஆங்கிலம் புரியாமல் விழித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைத்தான் "இவனுக்குக் கணக்கு வராது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். சண்டை கிரியோலில் நடக்கட்டும், எழுதுவதை அப்புறம் ஆங்கிலத்தில் எழுதலாம்.

"நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உளவியலாளர்கள் கரோல் ட்வெக்கும் கிளாடியா முல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கடினமான புதிரில் தோற்றதும் அடுத்ததில் சோர்ந்துபோனார்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் போராடினார்கள். அதற்காக "உன்னால் முடியும்" என்று சுவரில் ஒட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் அறிவு முயற்சியால் வளரும் என்பதை ஒரு சிறு பயிற்சியாகக் கொடுத்துப் பார்த்தபோது, பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரி சுமார் 4க்கு 0.1 புள்ளி அளவுதான் கூடியது. வகுப்பில் கேட்கிற கேள்வி மாறாமல் பாராட்டை மட்டும் மாற்றி என்ன பயன்?

வாய்ப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. 7 × 8க்கு விரல் விட்டுக்கொண்டிருந்தால் பின்னத்தைப் பற்றி எப்போது யோசிப்பது? கடிகாரத்தை வைத்து நடத்துகிற வாய்ப்பாட்டுப் போட்டியை மட்டும் விட்டுவிட்டேன், மெதுவாக யோசிக்கிறவர்கள் அதில் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

ஆறாம் வகுப்பு வந்தால் ஆரம்பப் பள்ளியை முடிக்கிற பி.எஸ்.ஏ.சி. தேர்வு. 2017இல் சி.பி.இ. என்ற பழைய தேர்வு போய் அது வந்தும், பழைய வினாத்தாள்களைப் போட்டுப் போட்டுப் பழக்குவது நிற்கவில்லை, நானும் கடைசி மாதங்களில் போடத்தான் செய்கிறேன். அதனால் நோட்டைப் புரட்டிப் பார்க்கிற அம்மாக்கள் "என்ன மிஸ், இன்னிக்கு ஒரே ஒரு கணக்குதானா?" என்று கேட்பது நியாயம்தான். ஆமாம், ஒன்றுதான், 2/5 ஏன் தப்பு என்று உங்கள் பிள்ளையையே கேட்டுப் பாருங்கள் என்பேன்.