ட்ரைடோன்: மேலே இரண்டு நோட், கீழே பேஸ்காரர் கையில் முடிவு

காஸ்பல் (அமெரிக்கக் கறுப்பின சபைகளின் துதி இசை) பாணியில் பேஸ் கிதார் கற்றுக்கொள்கிறவர்கள் ட்ரைடோன் என்ற இரண்டு நோட் இடைவெளியைப் பற்றிக் கேட்டதும் முதலில் தேடுவது ஒரு லிக், அதாவது அப்படியே எடுத்து வாசிக்கக்கூடிய ஒரு சிறு வரி. யூடியூபில் நிறையவே கிடைக்கும், எல்லாமே வேகமாகவும் கேட்க நன்றாகவும் இருக்கும். அதை மனப்பாடம் செய்து ஞாயிறு ஆராதனையில் ஒரு பாட்டுக்குள் நுழைத்தால் பெரும்பாலும் உட்காராது. ஏனென்றால் காஸ்பலில் ட்ரைடோன் முதலில் இருப்பது ஆர்கன் வாசிக்கிறவரின் வலது கையில். அந்த இரண்டு நோட்டுக்கு அர்த்தம் கொடுப்பதுதான் நம் வேலை. இது பிடிபட்டுவிட்டால் லிக் எதுவும் மனப்பாடம் செய்யவே வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரைடோன் என்பது மூன்று முழு ஸ்டெப் தூரம், பேஸில் ஆறு ஃப்ரெட். ஆக்டேவ் 12 ஃப்ரெட், ஆக இது சரி பாதி. எந்த முனையிலிருந்து எண்ணினாலும் ஆறுதான் வரும், மற்ற எந்த இடைவெளிக்கும் இந்தக் குணம் கிடையாது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதே இல்லை. ஷட்ஜத்துக்கும் கல்யாணியின் பிரதி மத்யமத்துக்கும் நடுவில் இருப்பது இதே தூரம்தான், சங்கராபரணத்தில் அதே தூரம் சுத்த மத்யமத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறது. பேஸில் கை வடிவம் இன்னும் சுலபம்: ஒரு நோட்டைப் பிடித்து, அடுத்த மெல்லிய கம்பியில் ஒரு ஃப்ரெட் மேலே. ஈ கம்பியில் 3-ம் ஃப்ரெட் ஜி என்றால் ஏ கம்பியில் 4-ம் ஃப்ரெட் டி ஃப்ளாட். முடிந்தது.

(இதைச் சாத்தானின் இடைவெளி என்று சொல்லி சர்ச் தடை செய்திருந்தது என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு தடை இருந்ததற்கு ஆதாரம் இல்லை. 1725-ல் ஃபுக்ஸ் என்ற இசையமைப்பாளர் எழுதிய கவுண்டர்பாயிண்ட் (பல குரல்களை ஒன்றோடொன்று இணைக்கும் கலை) பாடத்தில் அந்த வாசகம் வருகிறது, அது குரல்களை எப்படி நகர்த்துவது என்ற இலக்கண எச்சரிக்கை, அவ்வளவுதான். அமெரிக்கக் கறுப்பின சபைகளில் பிரசங்கம் சூடேறும்போது ஆர்கனிலிருந்து வருவதே இந்தச் சத்தம்தான்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். சி மேஜரில் ஜி செவன்த் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜி, பி, டி, எஃப். இதில் உயிர் இருப்பது பி, எஃப் இரண்டிலும்தான், இந்த இரண்டும் ஒரு ட்ரைடோன். பி நோட் சி-க்கு ஏற வேண்டும் என்று துடிக்கும், எஃப் ஈ-க்கு இறங்க வேண்டும் என்று துடிக்கும். ஆர்கன்காரர் வலது கையில் இந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கீழே ஜி வாசித்தால் அது ஜி செவன்த். அவர் விரலை அசைக்காமலே நீங்கள் டி ஃப்ளாட் வாசித்தால் அதே இரண்டு நோட் டி ஃப்ளாட் செவன்த் ஆகிவிடுகிறது, அங்கே எஃப் மூன்றாவது, பி ஏழாவது. இரண்டுமே சி-யில்தான் வந்து விழும், ஆனால் ஜி-யிலிருந்து வருவது தாவி வருகிறது, டி ஃப்ளாட்டிலிருந்து வருவது அரை ஸ்டெப் வழுக்கி வருகிறது. சபை அந்த வித்தியாசத்தை உடம்பில் உணரும், கார்டு பெயர் தெரியாவிட்டாலும்.

இன்னும் இருக்கிறது. அதே பி, எஃப் இரண்டுக்கும் கீழே டி வாசித்தால் டி மைனர் சிக்ஸ்த் போலக் கேட்கும், சோகம் கலந்த ஒரு நிறம். ஏ ஃப்ளாட் வாசித்தால் டிமினிஷ்ட் (மூன்று மூன்று ஃப்ரெட் தள்ளி அடுக்கிய, பதற்றமான கார்டு), அது அப்படியே ஏ மைனருக்குத் தள்ளும். டி-க்கும் ஏ ஃப்ளாட்டுக்கும் நடுவில் இருப்பதும் ட்ரைடோன் என்பதைக் கவனியுங்கள். மேலே ஒன்றுமே மாறவில்லை, கீழே நான்கு நோட், நான்கு வெவ்வேறு வழி. இந்த அதிகாரம் பேஸ்காரரைத் தவிர பேண்டில் வேறு யாருக்கும் இல்லை.

தனியாக உட்கார்ந்து கேட்க ஒரு வழி: டி கம்பியில் 9-ம் ஃப்ரெட் பி, ஜி கம்பியில் 10-ம் ஃப்ரெட் எஃப், இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். ஏ கம்பியில் 10-ம் ஃப்ரெட் ஜி. கட்டை விரலால் ஜி-யை அடித்து மற்ற இரண்டையும் விரலால் பறியுங்கள். பிறகு மேல் இரண்டையும் விடாமல், ஈ கம்பியில் 9-ம் ஃப்ரெட் டி ஃப்ளாட்டுக்கு ரூட்டை (கார்டின் அடி நோட்டை) மாற்றுங்கள். கை நகர்வதே இல்லை, நிறம் முழுக்க மாறிவிடும். இதைக் கழுத்தின் கீழ்ப்பகுதியில் செய்யாதீர்கள், அங்கே இரண்டு நோட் சேர்ந்தால் கொழகொழவென்று கேட்கும். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே போனால்தான் தெளிவு.

இதைச் சங்கிலியாகக் கோர்க்கும்போதுதான் காஸ்பல் என்று காது சொல்லும். 3-6-2-5-1 (ஸ்கேலில் எத்தனையாவது நோட் என்பதுதான் இந்த எண்) என்று வரும் திருப்பத்தை, எல்லாம் செவன்த் கார்டாக, சி-யில் யோசியுங்கள்: ஈ, ஏ, டி, ஜி, பிறகு சி. ஆர்கன்காரரின் ட்ரைடோன் ஒவ்வொரு கார்டுக்கும் அரை ஸ்டெப் இறங்கிக்கொண்டே போகும், அவருக்கு இரண்டு விரல் வேலை. நமக்கோ ஒவ்வொரு படியிலும் இரண்டு தேர்வு. ஈ, ஏ, டி, ஜி, சி என்று நேராகவும் போகலாம். ஈ, ஈ ஃப்ளாட், டி, டி ஃப்ளாட், சி என்று படியிறங்கியும் போகலாம். பி ஃப்ளாட், ஏ, ஏ ஃப்ளாட், ஜி, சி என்று போனால் கடைசியில் ஒரு தாவல் மிச்சம் இருக்கும், எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், மூன்று முறை வழுக்கிய பிறகு ஐந்திலிருந்து ஒன்றுக்குத் தாவி வரும்போது தரை கிடைத்த மாதிரி இருக்கிறது.

இன்னொரு நகர்வு, ஒருவேளை காஸ்பலிலேயே அதிகம் பேர் கேட்டது: 4, ஷார்ப் 4, 5, 6, 2, 5, 1. சி-யில் எஃப், எஃப் ஷார்ப், ஜி, ஏ, டி, ஜி, சி. மூன்றாவதாக வரும் ஜி-க்கு மேலே இருப்பது ஜி கார்டு இல்லை, சி கார்டுதான். நடுவில் வரும் எஃப் ஷார்ப் ஸ்கேலின் வீட்டு நோட்டுக்கு நேர் எதிரே ட்ரைடோன் தூரத்தில் நிற்கிறது, மேலே டிமினிஷ்ட். கொயர் முழுக் குரலில் இருக்கும்போது அந்த எஃப் ஷார்ப்பைக் கொஞ்சம்கூட அவசரப்படாமல் அதன் முழு நேரத்துக்கும் நிறுத்தி வாசிக்க வேண்டும். நிறைய பேர் அதை வெறும் பாசிங் நோட் மாதிரி தொட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள், அங்கே நின்றால்தான் அடுத்து வரும் ஜி-க்கு அந்தப் பெரிய மூச்சு கிடைக்கும்.

இந்தச் சத்தம் எங்கே வளர்ந்தது என்று பார்த்தால் ஆர்கனின் பங்கு புரியும். ஹாமண்ட் ஆர்கன் 1935-ல் விற்பனைக்கு வந்தது, பைப் ஆர்கன் வாங்க வசதியில்லாத சபைகள் அதை எடுத்துக்கொண்டன. ட்ரம்ஸும் டாம்பரினும் துதியின் பாகமாகவே இருந்த பெந்தெகொஸ்தே சபைகளில், குறிப்பாக மெம்ஃபிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட் சபைகளில், ஆர்கன் பிரசங்கியாரோடு பேசும் கருவி ஆனது. அதில் இடது கையும் பெடலும் பேஸ் வாசிக்கும். ஃபெண்டர் பிரசிஷன் பேஸ் வந்தது 1951-ல். ஆக நாம் பின்னால் வந்து, ஏற்கெனவே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்த இடத்தில் நிற்கிறோம். அவர் பெடலில் ஜி மிதிக்கும்போது நீங்கள் டி ஃப்ளாட் வாசித்தால் வழுக்கலும் இல்லை தாவலும் இல்லை, வெறும் சேறு. நம் ஊர் சபைகளில் கீபோர்டு வாசிக்கிற அண்ணன் இடது கையில் பேஸும் சேர்த்து வாசிப்பது சகஜம், அவரிடம் பாட்டுக்கு முன்பே பேசிவிடுங்கள். “அண்ணா, இந்த இடத்தில் நான் கீழே போகிறேன், இடது கையை மேலே வைத்துக்கொள்ளுங்கள்” என்றால் போதும்.

பாடுகிறவரையும் பார்க்க வேண்டும், இதைத்தான் டுடோரியல்கள் அதிகம் சொல்வதில்லை. டி ஃப்ளாட் மாற்றும் நேரத்தில் மெலடி ஜி-யில் நின்றால் அருமை. ஈ அல்லது ஏ என்றாலும் நல்ல காரம். மெலடி டி-யிலோ சி-யிலோ நீண்டு நிற்கிறதா, விட்டுவிடுங்கள், ஜி-யையே வாசியுங்கள். பாடுகிறவர் தன் சுருதி போய்விட்டதோ என்று திரும்பிப் பார்க்கும்படி செய்வது துதிக்கு உதவாது. ஒவ்வொரு வரியிலும் செய்யாமல், கடைசிச் சரணத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் அதற்கு மதிப்பு கூடும்.

கேட்க வேண்டியவர்கள் என்றால் காஸ்பல் பேஸ்காரர் ஆண்ட்ரூ கூஷேயை முதலில் சொல்வேன். பிறகு ஃப்ரெட் ஹாமண்ட்: பாடகராகத்தான் பலருக்குத் தெரியும், டெட்ராய்ட்டின் கமிஷன்ட் குழுவில் பேஸ் வாசித்தவர் அவர். பாடத் தெரிந்தவர் பேஸ் வாசிக்கும்போது எங்கே ரூட்டை மாற்றாமல் விடுகிறார் என்று கவனித்துக் கேளுங்கள்.

அப்புறம், சி-யிலேயே பழகிக்கொண்டிருக்காதீர்கள். காஸ்பல் ஆர்கன்காரர்கள் ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் என்று ஃப்ளாட் ஸ்கேல்களில்தான் சுற்றுவார்கள். ஏ ஃப்ளாட்டில் ஒன்றிலிருந்து நாலுக்குப் போகும்போது, ஏ ஃப்ளாட் செவன்த்துக்குள் இருக்கும் ட்ரைடோன் சி, ஜி ஃப்ளாட். அதற்குக் கீழே டி வாசித்து டி ஃப்ளாட்டில் இறங்குங்கள். ஐந்து கம்பி பேஸ் என்றால் இரண்டையும் தடித்த பி கம்பியிலேயே, 3-ம் ஃப்ரெட்டிலும் 2-ம் ஃப்ரெட்டிலும், வாசித்துப் பாருங்கள்.