எண்ணெய் முகமும் தேனீப் பிசினும்

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு முகத்தில் பரு வந்துவிட்டால் வீட்டுக்கு வருகிற எல்லோரும் வைத்தியர்தான். கடலை மாவு பூசு, எலுமிச்சம்பழம் தேய், சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இரு. அக்கா மகள் இதையெல்லாம் செய்து பார்த்து, கன்னம் எரிந்து, இப்போது எதைத் தொடவும் பயப்படுகிறாள். காலையில் கழுவிய முகம் பதினோரு மணிக்குள் மூக்கிலும் நெற்றியிலும் மினுமினுக்கிறது. அதே முகத்தில் வாயோரம் வறண்டு தோல் உரிகிறது.

எண்ணெய்ச் சருமம் வறளாது என்று நினைப்பவர்கள் நிறைய. எண்ணெயைச் சுரப்பது மயிர்க்காலோடு ஒட்டியிருக்கும் சுரப்பி; ஈரத்தைப் பிடித்துவைப்பது மேல்தோல். கழுவிக் கழுவி மேல்தோலைப் புண்ணாக்கினாலும் சுரப்பி தன் வேலையை நிறுத்தாது. எனக்கும் அந்த வயதில் இதே முகம்தான். யாராவது அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் ஆசைப்பட்டுக் கேட்ட கொரிய சீரம், முகத்தில் சொட்டு விட்டுத் தடவும் திரவம், இன்று கையில் வந்தது. புரோபோலிஸ் சாறு 60 சதவீதம், நியாசினமைடு 2 சதவீதம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. முதலாவது தேனீ கூட்டில் சேர்க்கும் பிசின், இரண்டாவது வைட்டமின் பி3-ன் ஒரு வடிவம். உறிஞ்சுகுழாயை உயர்த்தினால் பழுப்பு மஞ்சளாக, ஒற்றைக் கம்பிப் பதத்தில் எடுத்த பாகு மாதிரி இழுபடுகிறது. லேசான மரப்பிசின் வாசனை. வேறு மணம் சேர்க்கவில்லை, அது நல்லது.

அந்த 60-ஐப் பற்றி அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். அது சாற்றின் அளவு. பிசினை ஏதாவது ஒரு திரவத்தில் ஊறவைத்து வடிக்கிறார்கள். வடித்தது மொத்தமும் அந்தக் கணக்கில் சேரும். அதற்குள் பிசின் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பெட்டி சொல்வதில்லை. ஆகவே 60-ஐவிட 80 உசத்தி என்று கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

இன்று முகத்தில் போடவில்லை. முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடவியிருக்கிறோம். காலையும் இரவும் அதே இடத்தில், ஒரு வாரத்துக்குக் குறையாமல்.

பிப்ரவரி 5, புதன்

"சித்தி, இது தேன்தானே?" என்று கேட்டாள். இல்லை. தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருகிறது, புரோபோலிஸ் மரத்தின் பிசினிலிருந்து வருகிறது. மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைத் தேனீ கடித்தெடுத்துப் பின்னங்காலில் உருட்டிக்கொண்டு கூட்டுக்குக் கொண்டுவரும். ஒட்டிக்கொண்ட பிசினைத் தானாக இறக்க அதனால் முடியாது. மற்றத் தேனீக்கள் பிய்த்துப் பிய்த்து எடுக்க வேண்டும். அதில் மெழுகைக் கலந்து, கூட்டின் விரிசல்களை அடைத்து, உள்சுவரெல்லாம் பூசிவிடும். ஏறக்குறைய பாதி பிசின், முப்பது சதவீதம் மெழுகு, மிச்சம் வாசனை எண்ணெய்களும் மகரந்தமும். கூட்டுக்குள் எலி நுழைந்து செத்துப்போனால், தூக்கி வெளியே போட முடியாது அல்லவா, அதைப் பிசினால் மூடிவிடும். மூடியது நாறுவதில்லை.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தேனீ ஆய்வாளர் மார்லா ஸ்பிவாக் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். உள்சுவரில் பிசின் பூசிய பெட்டியில் வளர்ந்த இளம் தேனீக்களின் உடலில் நோய் எதிர்ப்பு வேலை குறைவாக நடந்தது. கூட்டில் கிருமியும் குறைவாக இருந்தது. சுவரே காவல் காத்ததால் தேனீயின் உடம்பு எந்நேரமும் சண்டைக்கு நிற்க வேண்டியிருக்கவில்லை. பருவிலும் பாதித் துன்பம் கிருமியால் இல்லை, கிருமியைக் கண்டு உடம்பு போடும் சண்டையால்தான். சிவப்பும் வீக்கமும் வலியும் அந்தச் சண்டைதான். கூட்டில் நடப்பது தோலிலும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பொருளிடம் சிவப்பு தணிவதை எதிர்பார்க்கலாம், எண்ணெய் வற்றுவதை எதிர்பார்க்க வேண்டாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள இந்தக் காட்சி உதவும்.

எண்ணெய்க்கு ஏதாவது செய்தால் அது பக்கத்தில் இருக்கும் நியாசினமைடுதான். 2 சதவீதம் பூசியபோது எண்ணெய் சுரப்பது குறைந்ததாக, ஜப்பானியர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2006-ல் வந்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதற்கே எல்லாப் பெயரும் போய்ச் சேருகிறது.

பிப்ரவரி 8, சனி

முழங்கையில் சிவப்பு இல்லை, அரிப்பு இல்லை. "இன்னும் எத்தனை நாள் சித்தி?" என்று தினமும் கேட்கிறாள். நான் விடவில்லை. காரணம் என் ஆபீஸ் தோழி.

புரோபோலிஸ் கலந்த லிப் பாம் ஒன்றை அவள் ஆசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் உதடு தடித்து, ஓரம் வெடித்து, நீர் வடிந்தது. வெயில் என்று நினைத்து அதே பாமை இன்னும் அதிகமாகப் போட்டாள். தோல் மருத்துவர் முதுகில் பட்டை ஒட்டிச் சோதித்தபோது புரோபோலிஸ் வைத்த இடமும், வாசனைப் பொருட்களில் சேர்க்கும் பெரு பால்சம் என்ற மரப்பிசின் வைத்த இடமும் சேர்ந்தே சிவந்தன. இரண்டிலும் சில பொருட்கள் பொது. ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாது. செண்ட் பட்டால் தடிக்கிற தோல் உள்ளவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்கு வேறு கவலை. "தேனீ கொட்டினா இவளுக்குக் கண்ணே மூடிப்போகுமே, இதைப் போடலாமா?" கொட்டினால் வீங்குவது விஷத்தால், அதுவும் உடனே. புரோபோலிஸ் ஒவ்வாமை பெரும்பாலும் பிசினில் உள்ள காஃபிக் அமில எஸ்டர்கள் என்ற பொருட்களால். ஒன்றிரண்டு நாள் கழித்து, சில சமயம் பல வாரம் பூசிய பிறகு, மெதுவாக எட்டிப் பார்க்கும். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்றில்லை. இல்லை என்றும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அதனால்தான் ஒரு ராத்திரி தடவிப் பார்த்துவிட்டு "ஒத்துக்கிச்சு" என்று முடிவு செய்யக் கூடாது என்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்தை அடுத்த அருமனைப் பக்கம் மாமா வீட்டுக்குப் போனோம். ரப்பர் புது இலை விட்டு, இலைக்காம்பு சேருமிடத்தில் தேன் கசியும் காலம். தோட்டம் முழுக்கப் பெட்டி வைத்திருக்கிறார். இவ்வளவு தேனீ இருக்கும் இடத்தில் புரோபோலிஸும் கிடைக்கும் என்று இவள் கண்ணாடிக் குப்பியோடு வந்திருந்தாள்.

மாமா ஒரு பெட்டியைத் திறந்து சட்டத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். ஒட்டவே இல்லை. நம்மூர் அடுக்குத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. மேலை நாட்டுத் தேனீதான் சேர்க்கும், அந்தப் பெட்டியில் சட்டத்தை இரும்புத் தகட்டால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன மண், ஆனால் புரோபோலிஸ் அதன் சரக்கு அல்ல.

அப்புறம் திண்ணையோரம் கட்டித் தொங்கவிட்டிருந்த மண்பானையைக் காட்டினார். சிறுதேனீ, கொட்டாத ஜாதி. இது பிசின் சேர்க்கும். வாசலில் விரல் தடிமனுக்கு ஒரு குழல் நீட்டிக்கொண்டிருந்தது. விளிம்பு மட்டும் ஈரமாக, கறுப்பும் பழுப்புமாக. விளிம்பைச் சுற்றி நாலைந்து காவல் தேனீக்கள் தலையை வெளியே காட்டி அசையாமல் நின்றன. நான் விரல் நுனியால் லேசாகத் தொட்டேன். பிசுக்கென்று ஒட்டி, சோப்புக்கும் போகாமல் தேங்காய் எண்ணெய்க்குத்தான் போயிற்று. தண்ணீரில் கரையாத பொருள் என்று படித்ததைக் கை தெரிந்துகொண்டது. இதனால்தான் இதை வடிக்கப் பெரும்பாலும் ஆல்கஹாலைத் தேடுகிறார்கள். அப்படி வடித்த, ஆல்கஹால் அதிகமாக இருக்கும் சாற்றை (டிங்சர்) நேராகப் பருவில் வைத்தால் எரிந்து உரியத்தான் செய்யும்.

"கொஞ்சம் எடுத்துக்கலாமா மாமா?" என்றாள்.

"அந்தக் குழலைப் பிச்சா எறும்பு ஏறிரும் மக்களே. அது அதுக்க வீட்டுக் கதவு" என்றார் மாமா. குப்பி காலியாகவே திரும்பியது. எனக்கு அது சந்தோஷம்தான். எந்த மரத்துப் பிசின், என்ன மருந்தடித்த தோட்டம், தூசியா ஈயமா எது கலந்தது என்று சோதிக்காத ஒன்றைப் புண்பட்ட முகத்தில் வைக்க முடியாது.

மரத்தைப் பொறுத்துத்தான் எல்லாம். ஐரோப்பாவில் பாப்லர் என்ற மரத்தின் மொட்டுப் பிசின். பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸ் பக்காரிஸ் என்ற புதரிலிருந்து. அதில் ஆர்ட்டெபிலின்-சி என்ற பொருள்தான் முக்கியம், பாப்லர் ரகத்தில் வேறு பொருட்கள். பிரேசிலிலேயே சிவப்பு ரகம் ஒன்றும் உண்டு, அது இன்னொரு செடி. ஒன்றில் செய்த ஆய்வை எடுத்து இன்னொன்றின் பெட்டியில் ஒட்டி விற்பது நியாயமில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

தோல் மருத்துவரிடம் போய்வந்தோம். இதைத் தள்ளிப்போடவே கூடாது என்று அக்காவிடம் சண்டை போட்டுத்தான் கூட்டிப்போனேன். பருவைத் தழும்பாக்கிவிட்டு அப்புறம் லேசருக்குப் பணம் தேடுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரவில் அடாபலின் 0.1 சதவீத ஜெல், ஒரு பட்டாணி அளவு, முகம் முழுக்க. காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம். வெயிலுக்கு ஜெல் வகை சன்ஸ்கிரீன். முதலாவது துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது கிருமியைக் கொல்லும், கிருமி அதற்குப் பழகிக்கொள்ளாது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்றார்.

சீரத்தைக் காட்டினோம். "முழங்கையில் ஒத்துக்கொண்டதா? சரி, போடலாம். ஆனா இது மருந்து இல்ல" என்றார். நான் நினைத்ததும் அதுதான். அடுத்த கேள்வி: மருந்துக்கடையில் கேட்டு வெள்ளையாக்கும் கிரீம் ஏதாவது போட்டாளா? போடவில்லை. அந்தக் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஒரு வாரம் முகம் பளிச்சென்று ஆகும், பிறகு அதுவே பருவைக் கொண்டுவரும், தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும். சீட்டில்லாமல் அதை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்கள் பிள்ளைகளின் முகத்தோடு விளையாடுகிறார்கள்.

பிப்ரவரி 27, வியாழன்

நேற்று சிவராத்திரி. குமரி மாவட்டத்துச் சிவன் கோயில்களுக்கு ஓடியே போகும் சிவாலய ஓட்டக்காரர்களின் "கோவிந்தா, கோபாலா" குரல் காதில் இன்னும் நிற்கிறது.

அடாபலின் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது: மூக்கோரம் உரிகிறது, தாடையில் புதிதாக இரண்டு பரு. ஆரம்ப வாரங்களில் இப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தும் பிள்ளை அழுதுவிட்டாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்தோம். ஜெல் போடாத இரவில் ஈர முகத்தில் சீரம் மூன்று சொட்டு, மேலே லேசான மாய்ஸ்சரைசர். எரிச்சல் அடங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. சீரத்தாலா, மாய்ஸ்சரைசராலா, ஜெல்லைக் குறைத்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பென்சாயில் பெராக்சைடு பட்டு அக்காவின் நீலத் துண்டு அங்கங்கே வெளுத்துவிட்டது. வெள்ளைத் துண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்ச் 4, செவ்வாய்

நேற்று பொதுத்தேர்வு தொடங்கியது. தமிழ் நன்றாக எழுதினாளாம்.

புரோபோலிஸ் பருவுக்கு நல்லது என்று சொல்கிறவர்கள் அடிக்கடி காட்டும் ஆய்வு 2018-ல் இத்தாலியிலிருந்து வந்தது. 60 பேர். ஒரு குழுவுக்கு 20 சதவீதம் புரோபோலிஸ், 3 சதவீதம் டீ ட்ரீ எண்ணெய், 10 சதவீதம் கற்றாழை கலந்த கிரீம். இன்னொன்றுக்கு எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 3 சதவீதம் உள்ள கிரீம். மூன்றாவதுக்கு மருந்தில்லாத கிரீம். ஒரு மாதத்தில் கலவை கிரீம் எரித்ரோமைசினைவிட நன்றாக வேலை செய்தது. நல்ல செய்திதான். ஆனால் மூன்றையும் கலந்த பிறகு புரோபோலிஸின் பங்கு எவ்வளவு? டீ ட்ரீ எண்ணெய்க்குத் தனியாகவே பருவில் சோதனைகள் உண்டு. எரித்ரோமைசினும் பலமான எதிராளி இல்லை. பல ஊர்களில் பருக் கிருமி அதற்குப் பழகிவிட்டது. நம்பிக்கை வைக்க இடமிருக்கிறது, அடாபலினை நிறுத்த இடமில்லை.

மார்ச் 22, சனி

கன்னம் தெளிந்துகொண்டு வருகிறது, நெற்றி மட்டும் அடம்பிடிக்கிறது. ஒரே அளவில் பொடிப்பொடியாக, முடியோரமாக. பரீட்சைக்கு உடம்பு சூடு என்று அம்மா தினமும் பேத்தி தலையில் எண்ணெய் வழிய வைக்கிறார். பங்குனி வெயிலில் அது நெற்றிக்கு இறங்கிவிடுகிறது. அம்மாவின் மனம் நோகாமல் பேசி, இனி குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும், அலசிவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

அரிப்பு இருந்தால் அது பருவே இல்லை, பூஞ்சையாக இருக்கலாம். வியர்க்கும் ஊர்களில் அது சாதாரணம், அதற்கு வேறு மருந்து. இவளுக்கு அரிப்பு இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மறுபரிசோதனை முடிந்தது. வீங்கி வலிக்கிற பரு புதிதாக வரவில்லை. நெற்றிப் பொடியும் குறைந்திருக்கிறது. கன்னத்தில் பழுப்புத் தடங்கள் இருக்கின்றன. அவை மறைய மாதங்கள் ஆகும், சன்ஸ்கிரீனை விடாதே என்றார் மருத்துவர். அடாபலின் இப்போது எல்லா இரவும். மூக்கு மத்தியானத்தில் இன்னும் மினுங்குகிறது, ஆனால் அதற்காக அவள் எழுந்து போய்ச் சோப்புப் போடுவதில்லை.

சீரம் தீர்ந்துவிட்டது. திரும்ப வாங்கலாமா என்று பேசினோம். மருந்து தோலைப் படுத்திய வாரங்களில் அது கைகொடுத்தது என்பது என் எண்ணம். இப்போது தோல் பழகிவிட்டது, மாய்ஸ்சரைசரே போதும். அந்தப் பணத்துக்கு இரண்டு சன்ஸ்கிரீன் வரும். "அப்ப சன்ஸ்கிரீனே வாங்கு சித்தி" என்றாள். சாயங்காலம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.