கேப்டன்களின் பெயரில் ஊர்கள்: மாசிடோனிய நாட்குறிப்பு

2023 அக்டோபர் 10, செவ்வாய். தெசலோனிக்கி

காலையிலேயே மாசிடோனியப் போராட்ட அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நிலம் யாருக்கு என்று கிரேக்க, பல்கேரிய ஆயுதக் குழுக்கள் போட்டுக்கொண்ட சண்டைக்குத்தான் அந்தப் பெயர். துருக்கியர் ஆட்சியில் கிரேக்கத் துணைத் தூதரகமாக இருந்த கட்டடம் அது. 1904இல் இங்கே கான்சலாக வந்தவர் லம்ப்ரோஸ் கொரோமிலாஸ், இன்றைக்கு அந்தத் தெருவுக்கே அவர் பெயர்தான். வெளியில் கொடியும் முத்திரையுமாகத் தூதரகம், உள்ளே மலைக்கு ஆள், பணம், துப்பாக்கி அனுப்பும் வேலை. சுவரை ஒட்டியே ஆயரின் வளாகம். கோயிலுக்கும் தூதரகத்துக்கும் நடுவே ஆட்கள் சத்தமில்லாமல் போய்வந்தார்கள் என்று படித்ததை அந்த இடத்தில் நின்று பார்க்கும்போதுதான் நம்ப முடிந்தது, அவ்வளவு பக்கம்.

குழம்பிவிடக் கூடாது என்று அடிப்படைச் சங்கதியை இங்கேயே எழுதி வைக்கிறேன். மாசிடோனியா அப்போது சுல்தானின் நிலம். சலோனிக்கா, மொனாஸ்தீர், கொசோவோ என்று மூன்று மாகாணங்கள். கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆர்த்தடாக்ஸ், கான்ஸ்டான்டிநோபிள் மறைமுதுவரின் (பேட்ரியார்க்) கீழ், பூசை பெரும்பாலும் கிரேக்க மொழியில். 1870இல் பல்கேரியர்களுக்குத் தனித் திருச்சபை வைத்துக்கொள்ள சுல்தான் உத்தரவு கொடுத்தார், எக்ஸார்க்கேட் என்று அதற்குப் பெயர். அந்த உத்தரவில் ஒரு விதி: ஒரு பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் கேட்டால் அவர்களும் அதில் சேரலாம்.

அந்த ஒரு விதிதான் எல்லாவற்றுக்கும் மூலம். ஊரில் யார் பாதிரியார், பள்ளியில் யார் வாத்தியார் என்பதை வைத்து அந்த ஊர் கிரேக்கர் ஊரா பல்கேரியர் ஊரா என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள். நாளைக்குத் துருக்கியர் போய்விட்டால் நிலம் யாருக்கு என்பதற்கு அந்தக் கணக்குதான் சாட்சி. சரி, மூன்றில் இரண்டு பங்கு மனம் மாறாவிட்டால்? துப்பாக்கி வந்தது.

அக்டோபர் 11, புதன். யானிட்சா

ஏரியைப் பார்க்க வந்தேன். ஏரி இல்லை. 1930களில் வடித்துவிட்டார்கள். எங்கே பார்த்தாலும் பருத்தி, நடுவே நேர்கோடாக வாய்க்கால்கள். பஞ்சு ஏற்றிய வண்டிகள் போன வழியெல்லாம் சாலையோரப் புல்லில் வெள்ளை வெள்ளையாகச் சிக்கிக் கிடந்தது.

நூறு வருடங்களுக்கு முன்னால் இது முழுக்க நாணல், சேறு, கொசு. நாணலுக்குள் வெட்டிய ஒடுங்கிய நீர்வழிகள், அவற்றில் 'பிளாவா' என்ற தட்டையான படகுகள். தண்ணீரில் கட்டையும் நாணலும் மண்ணும் போட்டு மேடையாக்கி அதன்மேல் குடிசை. பல்கேரியக் கோமிதாஜிகளுக்குச் சில குடிசைகள், கிரேக்க அந்தார்த்தெஸ்களுக்குச் சில. இரண்டு சொல்லும் அந்தந்தப் பக்கத்துக் கெரில்லாக்களைக் குறிப்பவை. துருக்கிப் படை கரையில் நிற்கும், உள்ளே வராது. உள்ளே இருந்தவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டது போக மிச்சத்தை மலேரியா பார்த்துக்கொண்டது.

மாலையில் ஒரு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தேன். ஓரத்தில் ஒரு கொத்து நாணல் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது, ஆள் உயரத்துக்கு மேல். அதைக் கையால் விலக்கிப் பார்த்தேன், இரண்டடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கம் யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

அக்டோபர் 12, வியாழன். எதெஸ்ஸா

பக்கத்தில் அக்ராஸ் என்று ஒரு கிராமம். பழைய பெயர் விளாதோவோ. அக்ராஸ் என்பது தெல்லோஸ் அகாபினோஸ் என்ற இளம் கிரேக்க அதிகாரியின் புனைபெயர். ஏரிச் சண்டையில் காயம், காய்ச்சல், எல்லாம் பட்டவர். 1907இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது: எதிரிக் குழுத் தலைவர்களிடமே பேசிப் பார்த்தால் என்ன? ஸ்லாத்தான், கசாப்சே என்ற இருவரிடமிருந்து அழைப்பு வந்தது. கூட இருந்தவர்கள் வேண்டாம் என்றும் போனார், நவுசாக்காரரான அந்தோனிஸ் மிங்காஸைக் கூட்டிக்கொண்டு. பிடித்துக் கட்டி, வெறுங்காலோடு ஊர் ஊராக நடத்திக் காட்டி, ஜூன் மாதத்தில் இந்த ஊருக்கும் தேகோவோவுக்கும் நடுவே ஒரு அக்ரூட் மரத்தில் இருவரையும் தூக்கில் போட்டார்கள்.

பேசலாம் என்று நம்பிப் போனவர் என்பதால்தானோ என்னவோ, இத்தனை கேப்டன்களில் (கெரில்லாக் குழுத் தலைவர்களில்) இவரை மட்டும் என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

காபிக் கடையில் ஒரு பெரியவர் உடைந்த ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். உங்கள் பாட்டி வீட்டில் என்ன மொழி பேசுவார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தோப்பியா" என்றார். 'உள்ளூர் மொழி' என்று அர்த்தம். பல்கேரிய மொழி என்றும் சொல்லவில்லை, மாசிடோனிய மொழி என்றும் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரியுமா, ஐயா?" என்றேன். கையை விரித்துக் காட்டிவிட்டுக் காபியைக் குடித்தார். 1936க்குப் பிறகு சர்வாதிகாரி மெத்தாக்ஸாஸ் ஆட்சியில் அந்த மொழியைப் பொது இடத்தில் பேசவே தடை இருந்தது. அப்புறம் நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி. கஸ்தோரியா

ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அழகான ஊர், மூலைக்கு மூலை பைசாந்தியக் கோயில். 1900இலிருந்து 1907 வரை இங்கே ஆயராக இருந்தவர் ஜெர்மானோஸ் கரவங்கெலிஸ். அங்கிக்குள் துப்பாக்கி வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனவர், துருக்கி அதிகாரிகளோடும் பேச்சுவார்த்தை வைத்திருந்தவர். எதிர்த்தரப்பில், 1893இல் சலோனிக்காவில் தொடங்கிய, கோமிதாஜிகளின் ரகசியப் புரட்சி அமைப்பு. மாசிடோனியா மாசிடோனியர்களுக்கே என்பது அவர்களின் முழக்கம், ஆனால் எக்ஸார்க்கேட்டை ஏற்காத பாதிரியாரையும் வாத்தியாரையும் கொன்றதும் அவர்கள் ஆட்கள்தான். 1903 ஆகஸ்ட் 2இல் அவர்கள் நடத்திய இலிந்தன் எழுச்சியைத் துருக்கிப் படை ஊர்களை எரித்து அடக்கியது. இந்தச் சுற்றுவட்டாரம்தான் மோசமாக எரிந்தது. அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் ஏதென்ஸிலிருந்து அதிகாரிகள் பெயரை மாற்றிக்கொண்டு எல்லை தாண்டினார்கள்.

அவர்களில் ஒருவர் பாவ்லோஸ் மெலாஸ், பீரங்கிப் படை லெப்டினன்ட். அவருடைய புனைபெயர் மீக்கிஸ் ஸேஸாஸ். மகனையும் மகளையும் வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டது. இதைப் படித்ததிலிருந்து, குறுக்கே தோட்டா வார் போட்டுக்கொண்டு நிற்கும் அந்தப் பிரபலமான புகைப்படத்தைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

இன்றைக்கு 13. பழைய நாட்காட்டிப்படி 1904இல் அவர் இறந்த தேதி, புதிய கணக்கில் 26 வரும். இங்கே தாக்ஸியார்க்கிஸ் கோயிலில் அவர் கல்லறை, பக்கத்திலேயே மனைவி நதாலியா. மெழுகுவத்தி ஏற்றினேன்.

அக்டோபர் 14, சனி. கஸ்தோரியாவிலிருந்து புளோரினா

வாடகைக் கார். முதலில் வசிலியாதா. இந்த ஊரின் பழைய பெயர் ஸகோரிச்சானி, எக்ஸார்க்கேட் பக்கம் நின்ற ஊர். 1905இல், பழைய நாட்காட்டிப்படி மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று விடியலில், வார்தாஸ் என்ற பெயரில் இயங்கிய கிரேக்க அதிகாரி த்ஸோந்தோஸ் தலைமையில் பெரிய படை ஒன்று ஊருக்குள் புகுந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். மெலாஸின் சாவுக்குப் பழிக்குப் பழி என்றும் சொன்னார்கள். செத்தவர்கள் கிராமத்து ஜனங்கள். கொன்றவர்கள் கும்பிட்ட அதே மாதாவை, அதே திருநாளில், வேறு மொழியில் கும்பிடக் காத்திருந்தவர்கள். நேற்று அந்தக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிய கையோடு இன்று இங்கே நிற்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. வண்டியைவிட்டு இறங்கி ஊரை ஒரு சுற்று நடந்தேன். ஒரு வீட்டு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையசைத்தார், நானும் தலையசைத்தேன். வேறென்ன செய்வது.

அங்கிருந்து கொரேஸ்தியா மலைக் கிராமங்கள் வழியாகப் போனேன். செம்மண் செங்கல் வீடுகள், பாதிக்கு மேல் ஆளில்லை. கூரை விழுந்து, சுவர் மழையில் கரைந்து மறுபடி மண்ணாகிக்கொண்டிருக்கிறது. சுவரில் விரலை வைத்தேன், செங்கல்லில் கலந்த வைக்கோல் இன்னும் மஞ்சளாக இருக்கிறது. ஆட்களைப் பெயர்த்தது கெரில்லாக் குழுக்கள் மட்டுமில்லை. 1913இல் எல்லை போட்டது, 1919இல் கிரேக்கமும் பல்கேரியாவும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்றம், 1940களின் உள்நாட்டுப் போர், அதற்குப் பிறகு பிழைப்புக்காகக் கனடாவும் ஆஸ்திரேலியாவும்.

கடைசியாக மெலாஸ் கிராமம். பழைய பெயர் ஸ்தாதிஸ்தா. அவர் சுடப்பட்ட வீடு இப்போது அருங்காட்சியகம். சின்ன வீடு. பல்கேரியக் குழுவோடு மோத வந்தவரைக் கடைசியில் சுற்றி வளைத்தது துருக்கிப் படை. ஏதென்ஸிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உடல் யாருடையது என்று தெரியக் கூடாது என்று கூட்டாளிகளே தலையை வெட்டி எடுத்துப் போய் பிசோதேரியில் புதைத்தார்கள். புளோரினா போகும் வழியில் அந்த ஊரையும் தாண்டினேன், ஒரே பனிமூட்டம்.

அக்டோபர் 15, ஞாயிறு. புளோரினா

வரைபடத்தை விரித்து மேசையில் வைத்திருக்கிறேன். மெலாஸ், அக்ராஸ், அப்புறம் மேற்கே கோட்டாஸ். பழைய பெயர் ரூலியா. அந்த ஊர்க்காரரான கேப்டன் கோட்டாஸ் பேசியது ஸ்லாவ் மொழி, முதலில் இருந்தது புரட்சி அமைப்போடு, பிறகு ஆயர் பக்கம் வந்தார். 1905இல் மொனாஸ்தீரில் துருக்கியர் அவரைத் தூக்கிலிட்டபோது கிரேக்கம் வாழ்க என்று ஸ்லாவ் மொழியில் கத்தினார் என்பார்கள். 1920களில் அரசாங்கம் ஸ்லாவ் ஊர்ப் பெயர்களை மொத்தமாக மாற்றியபோது கேப்டன்களுக்கு ஆளுக்கொரு ஊர் கிடைத்தது. ஸகோரிச்சானி என்று மட்டும் வரைபடத்தில் எங்கும் இல்லை. பென்சிலால் நானே பழைய பெயர்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வருகிறேன், இதுவரை பதினொன்று.

1908 ஜூலையில் சுல்தானை எதிர்த்த இளம் துருக்கியர் இயக்கம் அரசியலமைப்பை அறிவித்தவுடன் எல்லாக் குழுக்களும் மலையிலிருந்து இறங்கின. கிரேக்கரும் பல்கேரியரும் துருக்கியரும் தெருவில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மொனாஸ்தீரில் கடை வைத்திருந்த மனாகி சகோதரர்கள் அந்த நாட்களைப் படம் எடுத்தார்கள். நான்கு வருடத்தில் துருக்கியை எதிர்த்து பால்கன் போர், அடுத்த வருடமே கூட்டாளிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள்.

மொனாஸ்தீர் இப்போது பிதோலா, எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாளை நீக்கி வழியாகப் போகிறேன். மனாகி சகோதரர்களின் அந்தப் படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும், முக்கியமாக முகங்களை.