வெள்ளைச் சட்டையும் சபெராவியும்

"பெரியப்பா, வெள்ளைச் சட்டை வேண்டாம், வேற ஏதாவது போட்டுக்கங்க" என்று கிளம்பும்போதே சொன்னான் தம்பி மகன். ஜார்ஜியா நாட்டுத் தலைநகர் திபிலீசியில் மருத்துவம் படிக்கிறான். நான் கேட்கவில்லை.

திபிலீசியிலிருந்து சிக்நாகிக்கு மார்ஷ்ருத்காவில் இரண்டு மணி நேரம். மார்ஷ்ருத்கா என்றால் நம்மூர் ஷேர் வேன்தான். ஜார்ஜியாவின் கிழக்கே, ககேத்தி பகுதியில் மலைமேல் இருக்கும் சின்ன ஊர் சிக்நாகி. கீழே அலசானிப் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டம், அதற்கு அப்பால் காகசஸ் மலைத்தொடர். ஊரின் அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. நான் போனது ஒரு திராட்சைக்காக.

பெயர் சபெராவி. சாயம் தருவது என்று பொருள். நம்மூர் பன்னீர் திராட்சையை நசுக்கிப் பாருங்கள், கறுப்பெல்லாம் தோலோடு சரி, சதை வெளிறித்தான் இருக்கும். பெரும்பாலான சிவப்பு ஒயின்களுக்கும் தோல் ஊறித்தான் நிறம் இறங்குகிறது. சபெராவிக்குச் சதையே சிவப்பு. தோட்டத்தில் ஒன்றைப் பிதுக்கினேன், பீட்ரூட் நறுக்கியதுபோல விரலிடுக்கில் வழிந்தது. வாயில் போட்டால் முதலில் இனிப்பு, உடனே பல் கூசும் புளிப்பு, கடைசியில் நாவற்பழம் தின்ற மாதிரி ஒரு துவர்ப்பு. இரண்டாவது பழத்தில் சட்டை போயிற்று. தம்பி மகன் ஒன்றும் சொல்லவில்லை, போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டான்.

அக்டோபர் மாதம். அறுவடையை அங்கே ர்த்வேலி என்கிறார்கள். சபெராவி தாமதமாகப் பழுக்கும் ரகம், அதனால் கடைசிக் கூடைகள் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தன. தோட்டக்காரர் எங்களை மராணிக்குள் அழைத்துப் போனார். ஒயின் அறைக்கு அதுதான் பெயர். உள்ளே பீப்பாய் ஒன்றுகூட இல்லை, தரையில் வட்டம் வட்டமாக வாய்கள் மட்டும். கழுத்துவரை மண்ணில் புதைத்த க்வெவ்ரி என்கிற பெரிய மண்பானைகள். அசல் முதுமக்கள் தாழிதான்! நாம் தாழியில் முன்னோரை வைத்தோம், இவர்கள் ஒயினை வைத்திருக்கிறார்கள். உட்புறம் தேன்மெழுகு பூசியிருக்கும், மண்ணுக்குள் இருப்பதால் சூடு ஏறாது. இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்த நாட்டில் கிடைத்த பானை ஓடுகளில் சுமார் 8,000 ஆண்டுப் பழைய ஒயினின் தடயம் இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

நொதிக்கும்போது தோலும் கொட்டையும் மேலே மிதந்து வரும். நீளக் கழியால் ஒரு நாளில் பலமுறை அமுக்கிவிட வேண்டும். என்னிடமும் கழியைக் கொடுத்தார். களி கிண்டுவதைவிடக் கஷ்டம். அமுக்கியதும் புஸ்ஸென்று நுரை பொங்கியது. ஆர்வத்தில் குனிந்து பார்க்கப் போனேன், அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார். நொதிக்கும் தாழியிலிருந்து வரும் கரியமில வாயு மூச்சை அடைத்துவிடுமாம்.

சரி, குடிக்கிற கதைக்கு வருவோம். முந்தின நாள் நகரத்தில் கிண்ட்ஸ்மராவுலி ஒரு பாட்டில் வாங்கியிருந்தோம். அதுவும் சபெராவிதான், ஆனால் இனிப்பு முழுதும் நொதித்துத் தீர்வதற்குள் நிறுத்திவிடுகிற ரகம். எனக்கு இருமல் மருந்து ஞாபகம்தான் வந்தது. முகுசானி என்று ஓக் பீப்பாயில் ஊறியது ஒன்று உண்டு, இனிப்பில்லாதது, அது தேவலை. ஆனால் தோட்டக்காரர் தாழியிலிருந்து மொண்டு கொடுத்த பழைய சபெராவி வேறு ஜாதி. கிளாஸைச் சாய்த்தாலும் வெளிச்சம் ஊடுருவவில்லை. ஜார்ஜியர்கள் சிவப்பு ஒயினைக் 'கறுப்பு ஒயின்' என்றே சொல்வார்கள், காரணம் அப்போது புரிந்தது. ஆல்பக்கோடா வாசனை, நுனியில் கொஞ்சம் மிளகு. வெறும் வாயில் குடித்தால் முரட்டுத்தனம்தான். திராட்சைக் கொடிச் சுள்ளியில் சுட்ட பன்றிக்கறி வந்ததும் அப்படியே மாறிவிட்டது: கொழுப்பைப் புளிப்பு அறுத்துவிடுகிறது, அடுத்த துண்டுக்குக் கை தானாகப் போகிறது. "கௌமார்ஜோஸ்!" என்று எத்தனை முறை கிளாஸைத் தூக்கினோம் என்பதை வீட்டில் சொல்லவில்லை.

ராத்திரி அறைக்குத் திரும்பிச் சட்டைக் கறையில் சோப்புப் போட்டேன். சிவப்பு நீலமாகிவிட்டது! "சோப்பு காரம் பெரியப்பா, அதான்" என்றார் வருங்கால டாக்டர். எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தோம். மறுபடி சிவந்தது.